வெயில் காய்கிறது, பேட்டரி ஏறவில்லை

பெங்களூர் கே.ஆர்.புரத்தில் எங்கள் வீட்டுக் கீழ்த்தள முன்னறையில் அக்கா தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பாடம் சொல்லித் தருகிறார். வார நாட்களில் கணக்கும் அறிவியலும், ஞாயிறு காலையில் தமிழ் எழுத்தும். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் எழுதும் பிள்ளைகள் பதினெட்டுப் பேர் வருகிறார்கள். கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. போனால் பாடம் நின்றுவிடும். அதற்காகவே அந்த அறைக்கு மட்டும் தனியாக ஒரு சோலார் போட்டோம். லைன் கரண்டுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மொட்டை மாடியில் 160 வாட் பேனல் இரண்டு, கீழே மாடிப்படிக்கு அடியில் 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி, பக்கத்துச் சுவரில் 20 ஆம்பியர் பி.டபிள்யூ.எம். சார்ஜ் கன்ட்ரோலர், அதாவது பேனல் கரண்டைப் பேட்டரிக்கு அளவோடு விடும் பெட்டி. அறையில் 9 வாட் எல்.இ.டி. பல்பு நான்கு, 28 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் இரண்டு, ஒரு வைஃபை ரவுட்டர். எல்லாமே 12 வோல்ட் டி.சி., இன்வெர்ட்டர் கிடையாது.

அக்டோபர் முதல் வாரத்தில் போட்டது. தீபாவளி வரை ஒரு குறையும் இல்லை. கார்த்திகை பிறந்து கொஞ்ச நாளில் எட்டரை மணிக்கு விளக்கு தானாக அணைய ஆரம்பித்தது. அப்புறம் எட்டு மணி. டிசம்பர் நடுவில் ஏழேகாலுக்கே இருட்டு. பேட்டரி வோல்டேஜ் இறங்கியதும் அதைக் காப்பாற்றக் கன்ட்ரோலர் லோடை, அதாவது விளக்கையும் ஃபேனையும், துண்டிக்கிறது, அது சரிதான். ஆனால் பகல் முழுக்க மேகமே இல்லாமல் வெயில் காய்கிறதே!

"ஏறவே மாட்டேங்குதுடா தம்பி, ஏதாவது பண்ணு. பரீட்சை நேரம்" என்றார் அக்கா.

பேட்டரி விற்கிற ஒரு கடையில் போய்ச் சொன்னேன். வந்து பார்க்காமலே, "செல் போயிருக்கும் சார், மாத்திடுங்க. பழசுக்கு ஒரு ரேட் போட்டு எடுத்துக்கறேன்" என்றார்கள். மூன்று மாதம்கூட ஆகாத பேட்டரி. பணத்தை எடுத்துவைத்த பிறகும் மனசு கேட்கவில்லை. பெரியப்பாவுக்கு ஃபோன் போட்டேன்.

பெரியப்பா கோலார் தங்கவயலில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். 2001இல் சுரங்கத்தை மூடும்வரை அங்கேதான் வேலை. நான் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மத்தியானம் பன்னெண்டு மணிக்கு பேட்டரிக்குள்ள எத்தினி ஆம்பியர் போவுது?"

எனக்குத் தெரியவில்லை. எங்கள் கன்ட்ரோலர் வோல்டேஜையும் ஒரு பேட்டரிப் படத்தையும் மட்டும்தான் காட்டும்.

"அளக்காம ஒரு ரூபா செலவு பண்ணாத. மாடியில பொறக்குது, பேட்டரில வந்து சேரணும். நடுவுல எங்க தொலையுதுன்னு மேலருந்து கீழ வரைக்கும் நடந்து பாரு."

அந்த நடையில் நான் பார்த்ததைத்தான் எழுதுகிறேன். இதே தொந்தரவில் யாராவது நல்ல பேட்டரியைத் தூக்கிப் போடுவதற்கு முன் இது அவர்கள் கண்ணில் பட வேண்டும்.

முதலில் மீட்டர். பக்கத்துத் தெரு எலெக்ட்ரீஷியன் தம்பியிடம் கிளாம்ப் மீட்டர் வாங்கி வந்து பேனல் ஒயரைச் சுற்றி மாட்டினேன். பூஜ்யம். மாற்றி மாற்றிப் பார்த்தும் பூஜ்யம்தான். சாதாரணக் கிளாம்ப் மீட்டர் ஏ.சி. கரண்டை மட்டும்தான் அளக்கும், சோலார் ஒயரில் ஓடும் டி.சி. அதன் கண்ணுக்கே தெரியாது. எலெக்ட்ரிக் சாமான் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் டி.சி.யும் அளக்கும் ஒன்றை வாங்கினேன். வாங்கும்போது டி.சி. ஆம்பியர் என்று தனியாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அளப்பதற்கு முன் ஒயரில் மாட்டாமல் ஜீரோ பட்டனை ஒரு தடவை அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் அரை ஆம்பியர் ஒரு ஆம்பியர் பொய் சொல்லும். பிளஸ், மைனஸ் இரண்டையும் சேர்த்துக் கவ்வக் கூடாது. ஒரு ஒயரை மட்டும்தான்.

அளக்கும் நேரமும் முக்கியம். மேகம் இல்லாத நாள், காலை பதினொன்றிலிருந்து மதியம் ஒன்றுக்குள், பேட்டரி குறைவாக இருக்கும்போது அளந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். பேட்டரி நிறைந்திருந்தால் கன்ட்ரோலரே கரண்ட் வரத்தைக் குறைத்துவிடும். அப்போது அளந்துவிட்டு "பேனல் வேலை செய்யவில்லை" என்று பயப்படுகிறவர்கள் நிறைய.

பேனலுக்குப் பின்னால் ஒட்டிய தாளில் 18.2 வோல்ட், 8.8 ஆம்பியர் என்று இருந்தது. இரண்டும் பேரலல் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்), அப்போது ஆம்பியர் கூடும், ஆக 17.6 ஆம்பியர். அது சோதனைக்கூடத்தில், பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்த கணக்கு. டிசம்பர் வெயிலில் மாடியில் 14 வந்தாலே நல்லது. எனக்கு வந்தது 5.4.

இந்த ஒரு எண் கையில் கிடைத்ததும் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட முடிந்தது. நல்ல வெயில் நாளில் காலை மாலை எல்லாம் சேர்த்து முழு வெயில் ஐந்து மணி நேரத்துக்குச் சமம் என்று வைத்தால், வரவு 27 ஏ.எச். செலவு? பல்பும் ஃபேனும் சேர்த்து 92 வாட், மணிக்கு ஏழரை ஏ.எச். மூன்று மணி நேரப் பாடத்துக்கு 22 அல்லது 23. ரவுட்டர் வெறும் 10 வாட்தான், ஆனால் இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிறது. அது மட்டும் 19க்கு மேல்! மூன்று மணி நேரம் ஓடும் நான்கு பல்பும் இரண்டு ஃபேனும் சாப்பிடுவதற்குக் கொஞ்சம்தான் குறைவு. போதாததற்கு, அணையவே கூடாது என்று ரவுட்டரை நேராகப் பேட்டரியிலேயே மாட்டியிருந்தோம். கன்ட்ரோலர் லோடைத் துண்டித்த பிறகும் ராத்திரி முழுக்க அது உறிஞ்சிக்கொண்டிருந்தது. 27இல் ரவுட்டருக்கு 19 போனால் மிச்சம் 8. மணிக்கு ஏழரை வீதம் அந்த 8 எவ்வளவு நேரம் வரும்? ஆறு மணிக்குப் போட்டால் ஏழு மணி தாண்டிக் கொஞ்ச நேரம். கணக்கும் கடிகாரமும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நின்றபோது, பேட்டரிமேல் எனக்கிருந்த சந்தேகம் பாதி போய்விட்டது. வராததைப் பேட்டரி எங்கிருந்து தரும்?

மறுநாள் விடிகாலையில் மாடிக்குப் போய்ப் பேனலைத் துடைத்தேன். எங்கள் பக்கம் மெட்ரோ வேலையும் கட்டட வேலையும் ஓயாமல் நடப்பதால் துணி கறுப்பாகவே வந்தது. துடைப்பதை விடியலிலேயே முடித்துவிட வேண்டும். காய்ந்து கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம். போர்வெல் தண்ணீரும் வேண்டாம், காய்ந்ததும் வெள்ளைக் கறை படியும். காவிரித் தண்ணீர் அரை வாளியும் மெல்லிய துணியும் போதும். அன்று மதியம் 5.4 என்பது 5.7 ஆனது. அவ்வளவுதான்.

அப்புறம் இரண்டு பேனலின் ஒயரையும் தனித்தனியாகக் கவ்விப் பார்த்தேன். ஒன்றில் 4.8. மற்றொன்றில் 0.9. முதல் நாளே இதைச் செய்திருக்க வேண்டும். மொத்தத்தை மட்டும் பார்த்தால் நோய் எங்கே என்று தெரியாது.

0.9 காட்டிய பேனல் பார்க்கப் பளபளவென்று இருந்தது. கீழ் மூலையில் மட்டும் ஒரு நிழல், ஒரு முழம் அகலம்கூட இருக்காது. தெற்கு வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல். பேனலில் பத்தில் ஒரு பங்கு மறைந்தால் பத்தில் ஒரு பங்கு கரண்ட்தானே குறையும் என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இந்தப் பேனலுக்குள் 36 செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்திருக்கின்றன. வாய்க்காலில் ஒரு இடத்தில் அடைப்பு விழுந்தால் மொத்த வாய்க்காலும் அந்த அளவுக்குத்தானே ஓடும்? அடைத்த பாதியைத் தாண்டிப் போக உள்ளே பைபாஸ் டயோடு வைத்திருக்கிறார்கள். ஆனால் தாண்டிப் போனால் மிஞ்சுவது 18 செல்தான், ஒன்பது வோல்ட். 12 வோல்ட் பேட்டரிக்குள் ஒன்பது வோல்ட் எப்படி நுழையும்? ஆக, மூலையில் விழுந்த நிழல் முழுப் பேனலையும் சாப்பிட்டுவிட்டது.

அக்டோபரில் இது ஏன் இல்லை என்பதற்கும் விடை அங்கேயே கிடைத்தது. நம் ஊர் 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் 22 வாக்கில் உச்சி நேரத்திலும் சூரியன் தெற்கே சாய்ந்து 53, 54 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். பேனல் மட்டத்திலிருந்து மூன்று மீட்டர் உயரமான தொட்டியின் நிழல் அப்போது வடக்கே 2.2 மீட்டர் நீளும். அக்டோபர் முதல் வாரத்தில் அதே தொட்டிக்கு ஒரு மீட்டர் நிழல்கூட இல்லை. பேனலைப் பொருத்தியவர் அன்றைய நிழலைப் பார்த்துத் தள்ளி வைத்தார், டிசம்பரைப் பார்க்கவில்லை. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நடுவில் உள்ள மாதங்களில் நிழல் தெற்கேதான் விழும். அதனால் பெங்களூரில் பேனல் வைக்க இடம் பார்க்கிறவர்கள் தெற்கே உள்ள தொட்டி, சுவர்களின் டிசம்பர் நிழலைக் கணக்கில் வைத்தால் அவற்றிடமிருந்து வருடம் முழுக்கத் தப்பிக்கலாம். டிசம்பர் 22 அன்று பன்னிரண்டேகால் மணிக்கு மாடியில் நின்று தொட்டி நிழலின் ஓரத்தில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டு வைத்தேன். அந்த நேரத்தில்தான் நமக்கு அன்றைய உச்சி. அந்தக் கோட்டுக்கு வடக்கே பேனல் ஸ்டாண்டை நகர்த்தினோம்.

அடுத்தது, நிழலே இல்லாத பேனல். முழு வெயிலில் நின்றுகொண்டு ஏன் 4.8 மட்டும் தருகிறது? ஒயரைத் தடவிக்கொண்டே போனபோது பேனல் ஒயர்களை இணைக்கும் ஒரு எம்.சி.4 கனெக்டர் கையைச் சுட்டது. பக்கத்தில் இருந்த மற்ற கனெக்டர்கள் வெயில் சூட்டில்தான் இருந்தன, இது மட்டும் இஸ்திரிப் பெட்டி மாதிரி. மைனஸ் பக்கம் கழற்றிப் பார்த்தால் கறுப்புப் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. உள்ளே செம்பு இழைகளைச் சரியான கருவியால் கிரிம்ப் செய்யாமல் (அழுத்திப் பொருத்தாமல்) குறட்டால் நசுக்கி விட்டிருக்கிறார்கள். பாதி இழை வெளியே நின்றது. அவ்வளவு சின்ன இடத்தில் 10 வாட்டுக்கு மேல் சூடாகக் கரைந்துகொண்டிருந்தது. விட்டிருந்தால் பற்றியும் எரிந்திருக்கும். வெட்டி எறிந்துவிட்டு, கிரிம்பிங் கருவி வைத்திருக்கும் ஒருவரை அழைத்துப் புதுசாகப் போட்டேன். 4.8 என்பது 6.7 ஆனது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கரண்ட் ஓடும்போது எம்.சி.4ஐப் பிடித்து இழுக்கக் கூடாது. ஏ.சி. மாதிரி டி.சி. நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுப் போகாது. பிரிக்கும் இடத்தில் தீப்பொறி நீண்டு நிற்கும். முதலில் டி.சி. எம்.சி.பி.யை (பாதுகாப்பு சுவிட்சை) அணையுங்கள், இல்லாவிட்டால் தடித்த போர்வையைப் பேனல்மேல் முழுசாக மூடிவிட்டுக் கழற்றுங்கள். வீட்டுக்குப் போடும் ஏ.சி. எம்.சி.பி.யை இந்த இடத்தில் போட்டிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

நிழலும் போயிற்று, கனெக்டரும் புதுசு. ஒவ்வொரு பேனலாக மாட்டி அளந்தேன். ஒன்று 6.8, இன்னொன்று 6.9. இரண்டையும் சேர்த்தால் 13.7 வர வேண்டும். வந்தது 10.2.

இது எனக்குப் புரியவே இல்லை. பெரியப்பாவிடம் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இன்னா ஒயர்டா போட்டிருக்கான்?" என்றார்.

வீட்டு லைட் பாயின்டுக்குப் போடும் 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர். மாடியிலிருந்து டக்ட் வழியாகக் கீழே வர 18 மீட்டர். போக வர 36.

"மாடியில ஒயர் ஆரம்பிக்கற எடத்துல வோல்ட் பாரு. கீழ கன்ட்ரோலர்ல நொழையற எடத்துல பாரு. ரெண்டும் கரண்ட் ஓடறப்போ பாக்கணும். கழட்டிட்டுப் பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் காட்டும்."

மேலே 17.9. கீழே 13.5. வழியில் 4.4 வோல்ட் காணவில்லை. 10.2 ஆம்பியரால் பெருக்கினால் 45 வாட். அறையில் எரியும் நான்கு பல்புக்கும் மேலே இன்னொரு பல்பு எரியக்கூடிய கரண்ட், யாருக்கும் வெளிச்சம் தராமல் அந்த டக்ட்டுக்குள் வெறும் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஏன் இப்படி என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் சின்ன சோலார் வீடுகளில் அதிகம் ஏமாறுவது இங்கேதான். 1.5 ஸ்கொயர் செம்புக் கம்பிக்கு ஆயிரம் மீட்டருக்கு 12 ஓம் தடை. 36 மீட்டருக்கு 0.43 ஓம். 230 வோல்ட் வீட்டு ஒயரிங்கில் நாலு வோல்ட் விழுந்தால் பல்புக்குத் தெரியவே தெரியாது. 12 வோல்ட்டில் அது மூன்றில் ஒரு பங்கு. பேனல் தாளில் 18.2 என்று இருந்தாலும் வெயிலில் 55 டிகிரிக்குக் காய்ந்தால் அது 16 வாக்கில் இறங்கிவிடும். பேட்டரிக்கு 13, 14 வேண்டும். நடுவே இருக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் ஒயர், கனெக்டர், கன்ட்ரோலர் எல்லாம் அடங்க வேண்டும். ஒரு பேனல் மட்டும் ஓடியபோது ஒயரில் விழுந்தது மூன்று வோல்ட், சமாளித்தது. இரண்டும் சேர்ந்து கரண்ட் கூடியதும் விழுகிற வோல்ட்டும் கூடி, பேனலே மூச்சு முட்டி நின்றுவிட்டது. தனித்தனியாக நன்றாக வந்து, சேர்த்தால் மட்டும் குறைந்தால் முதலில் ஒயரைப் பாருங்கள்.

தீர்வு இரண்டு இருந்தது. இருக்கிறபடியே வைத்து 10 ஸ்கொயர் ஒயர் இழுக்கலாம், இழப்பு ஒரு வோல்ட் அளவுக்கு அடங்கும். அல்லது இரண்டு பேனலையும் சீரியஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) போட்டு, மிச்ச வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் மாட்டலாம். பெரியப்பா இரண்டாவதைச் சொன்னார். சொல்லிவிட்டு, நாங்கள் சின்ன வயதில் கேட்ட கதையை மறுபடி எடுத்தார். காவிரியில் சிவசமுத்திரத்தில் எடுத்த கரண்ட் 1902இல் தங்கவயல் சுரங்கத்துக்கு வந்து சேர்ந்தது. 147 கிலோமீட்டர். பெங்களூர் தெருவிலேயே மின்விளக்கு 1905இல்தான் எரிந்தது. "அத்தினி தூரம் எப்புடி வந்துச்சு? வோல்ட்ட ஏத்தி, ஆம்பியரக் கொறச்சு அனுப்புனான். ஒயர்ல தின்றது ஆம்பியருதான். உன் மொட்ட மாடிக்கும் அதே சட்டம்."

அதேதான் செய்தோம். சீரியஸில் போட்டதும் ஒயரில் வோல்ட் இரட்டிப்பாகி, கரண்ட் பாதியானது. கரண்ட் பாதியானால் ஒயரில் கரையும் வாட் கால்வாசியாகும். ஒயரையும் 4 ஸ்கொயர் சோலார் கேபிளாக மாற்றினேன். கன்ட்ரோலர் வாங்கும்போது அது தாங்கும் வோல்ட்டைப் பாருங்கள். எங்கள் பேனல் ஒவ்வொன்றும் லோடு இல்லாமல் 22.3 வோல்ட், இரண்டும் 44.6. குளிர்ந்த காலையில் அதற்கும் மேலே போகும். 50 வோல்ட் கன்ட்ரோலர் வாங்கியிருந்தால் விளிம்பில் நின்றிருக்கும். 100 வோல்ட் தாங்குவதை வாங்கினோம். மாட்டும்போது பேட்டரி ஒயர் முதலில், பேனல் ஒயர் பிறகு. கழற்றும்போது பேனல் முதலில், பேட்டரி கடைசி. பல கன்ட்ரோலர்கள் இந்த வரிசை மாறினால் கெட்டுப்போகும்.

டிசம்பர் 28ஆம் தேதி மதியம் பேட்டரி ஒயரைக் கவ்விப் பார்த்தேன். 15.4.

எம்.பி.பி.டி. என்றதும் என் சகலை கதையைச் சொல்லிவிடுகிறேன். ஹொசகோட்டே பக்கம் தோட்டத்து ஷெட்டுக்கு 330 வாட் பேனல் ஒன்றை மலிவாக வாங்கி, 12 வோல்ட் பேட்டரிக்குச் சாதாரணப் பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலரில் மாட்டியிருந்தார். அந்தப் பேனல் 37 வோல்ட், 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. பி.டபிள்யூ.எம். என்பது பேனலைப் பேட்டரியோடு நேராக இணைத்து விட்டு விட்டுத் திறக்கும் ஒரு சுவிட்ச்தான். மிச்ச வோல்ட்டை ஆம்பியராக மாற்ற அதற்குத் தெரியாது. அதே 9 ஆம்பியர் 13 வோல்ட்டில் போனால் 115 வாட். 330க்குக் காசு கொடுத்துவிட்டு 115 வாட்டை எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கன்ட்ரோலர் மாற்றியதும் சரியானது.

இனிக் கடைசியாகப் பேட்டரி. டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. சார்ஜ் ஏறும்போது கன்ட்ரோலரின் பேட்டரி முனையிலும், பேட்டரியின் ஈயத் தலையிலும் வோல்ட் பார்த்தேன், 0.35 வித்தியாசம். கன்ட்ரோலர் தன் முனையில் இருக்கும் வோல்ட்டைத்தான் நம்பும். பேட்டரிக்கு 14.05 கிடைக்கும்போதே 14.4 ஆகிவிட்டது என்று வரத்தைக் குறைக்கத் தொடங்கிவிடும். மூடிகளை இறுக்கி மூடிக்கொண்டு, வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். சோடா ஒரு சொட்டும் செல்லுக்குள் போகக் கூடாது. ஒயர் முனையில் உள்ள லக்கை மாற்றி, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவியதும் வித்தியாசம் 0.05க்கு வந்தது. இந்த வேலைக்கு முன் கையில் உள்ள மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். ஸ்பேனர் இரண்டு டெர்மினலையும் ஒரு நொடி தொட்டால் போதும், வெல்டிங் வைத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். புதுக் கன்ட்ரோலர் சீல்டு பேட்டரி என்ற செட்டிங்கில் வந்திருந்தது, அதையும் தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கு மாற்றினேன்.

அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் ஆறு செல்லும் 1.190, 1.200 என்று காட்டின. டியூபுலருக்கு முழுச் சார்ஜில் 1.240 வர வேண்டும். பல வாரம் அரைவயிற்றோடு கிடந்ததால் தகடுகளில் சல்பேட் படிந்திருக்கிறது. நாள்பட்டால் அது இறுகிக் கல்லாகிவிடும், அப்புறம் கடைக்காரர் சொன்னது உண்மையாகிவிடும். நல்ல வேளை, கிறிஸ்துமஸ் விடுமுறையில் அக்கா பாடத்தை நிறுத்தியிருந்தார். ஐந்து நாள் சாயங்காலச் செலவு இல்லாமல் முழு வரத்தும் உள்ளே போனது. ஜனவரி முதல் வாரம் பார்த்தால் ஐந்து செல் 1.235, 1.240. ஒன்று மட்டும் 1.225, பிப்ரவரிக்குள் அதுவும் எட்டிப் பிடித்தது. டிஸ்டில்ட் வாட்டரைச் சார்ஜ் ஏறிய பிறகுதான் ஊற்ற வேண்டும், ஊற்றிய கையோடு ஹைட்ரோமீட்டர் வைக்கக் கூடாது. தண்ணீரும் அமிலமும் கலக்கும்வரை அது தப்பாகத்தான் காட்டும். ஆர்.ஓ. தண்ணீர் டிஸ்டில்ட் வாட்டர் ஆகாது.

பாடம் மறுபடி தொடங்கிய வாரத்தில் அக்கா பதறிக்கொண்டு வந்தார். "பதினொரு மணிக்குப் பதினஞ்சு ஆம்பியர் காட்டுச்சு, இப்ப மூணு மணிக்கு நாலுதான் காட்டுது. மறுபடியும் போச்சாடா?" போகவில்லை. வோல்ட் 14.4 ஐத் தொட்டதும் ஆசிட் பேட்டரி தானாகவே குறைவாகத்தான் வாங்கும். குடம் கழுத்துவரை நிறைந்ததும் குழாயைச் சின்னதாகத் திருப்புகிறோமே, அப்படி. கடைசி ஐந்தில் ஒரு பங்கு ஏற மூன்று நான்கு மணி நேரம் ஆகும். சந்தேகமாக இருந்தால் வோல்ட்டையும் சேர்த்துப் பாருங்கள். 14.4 இருந்து ஆம்பியர் குறைந்தால் நிறைகிறது. 12.8 இல் இருந்துகொண்டே ஆம்பியரும் குறைவு என்றால்தான் வழியில் எங்கோ தொலைகிறது. ஜூன், ஜூலையில் நாள் முழுக்க மேகம் மூடி மூன்று நான்கு ஆம்பியர் வருவதும் கோளாறு இல்லை. அந்த மாதங்களில் செலவைத்தான் சுருக்க வேண்டும். ரவுட்டரை இப்போது லோடு பக்கம் மாற்றி, ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை அணைத்துவிடுகிறோம்.

அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு நோட்டு தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்கு வரும் ஒரு ஏழாம் வகுப்புப் பெண், வகுப்பு முடிந்து போகும் முன் பன்னிரண்டு மணி வோல்ட்டையும் ஆம்பியரையும் அதில் தமிழில் எழுதிவிட்டுப் போகிறாள். ஆம்பியர் என்பதை ரெண்டு வாரம் தப்பாக எழுதி, மூன்றாம் வாரம் திருத்திக்கொண்டாள்.

தெற்கு வீட்டுக்காரர் போன வாரம் இன்னொரு மாடி எழுப்பக் கம்பி கட்டத் தொடங்கியிருக்கிறார். ஒரு தளம் மூன்று மீட்டர் என்றால் டிசம்பரில் நிழல் இன்னும் 2.2 மீட்டர் வடக்கே வரும். நான் போட்ட சிவப்புக் கோடு போதாது. படிக்கட்டு அறையின் கூரைமேல் அளந்து பார்த்தேன், இரண்டு பேனலுக்கும் இடம் இருக்கிறது. ஒயர் நான்கு மீட்டர் கூடும், 4 ஸ்கொயரே தாங்கும். ஸ்டாண்டுக்கு வெல்டரிடம் சொல்லியிருக்கிறேன், அக்டோபருக்கு முன் ஏற்றிவிட வேண்டும்.